நட்டின் மேல் சிவப்புக் கோடு

வேலையைக் குறை சொல்ல முடியாது, ஐயா. ஷாமில் நன்றாகத்தான் செய்திருந்தான். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை கடலைப் பார்த்தது. அந்த உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. அப்பாவின் பழைய காரில் பெற்றோல் போகும் றப்பர் பைப்பெல்லாம் வெடித்துப்போயிருந்தது. என் தங்கை நிருஷாவின் கணவன் வினோதன்தான் அதைக் கழற்றிவிட்டுக் கம்பி பின்னிய பைப் போடச் சொன்னான். இழுத்துச் செருகிக் கிளிப் போடுகிற பைப் இல்லை, இரண்டு முனையிலும் மரை வைத்த நட்டுப் போட்டு முறுக்குவது. இரத்மலானையில் கராஜ் வைத்திருக்கும் ஷாமில் வீட்டுக்கே வந்து பூட்டித் தந்தான்.

வேலையில் வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்ததால் அந்தத் தூரத்தை நினைத்துத்தான் வினோதன் இதைச் செய்தான். நிருஷாவும் மகள் மிதுனாவும் அவனோடு போவதாக இருந்தது.

மிதுனாவுக்கு மூன்று மாதமாக இருக்கும்போது நிருஷா வேலைக்குத் திரும்பினாள். நான் என் வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. விட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆறு வருடம் அந்தப் பிள்ளைக்குத் தலை இழுத்தது, சோறு தீத்தியது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் படுத்தது எல்லாம் நான். போகிற செய்தியை வினோதன் சாப்பாட்டு மேசையில் சொன்னான்.

"மச்சாளுக்கு இனி நிம்மதி. ஹோல் முழுக்க உங்களுக்குத்தான். டிவியையும் விட்டிட்டுத்தான் போறம்."

நிருஷா சிரித்தாள். "அக்கா இனியாவது ஒரு நாடகத்தை முழுசாப் பாக்கட்டும்."

நானும் சிரித்தேன். கோபம் இருக்கவில்லை, ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பூட்டி முடித்ததும் ஷாமில் கதவடிக்கு வந்தான். "ஆன்டி, கியூடெக்ஸ் ஒண்டு இரிக்கா? செவப்பெண்டா நல்லம்."

நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸ் எதற்கென்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். முறுக்கி முடித்த நட்டிலிருந்து பைப் வரைக்கும் குறுக்கே ஒரு கோடு இழுப்பார்கள். நட்டு அசைந்தால் கோடு விலகும், கண்ணால் பார்த்தே பிடிக்கலாம். அப்பாவும் அப்படித்தான் செய்வார். அவர் காரைத் திருத்தும்போது ஸ்பனர் எடுத்துக் கொடுப்பது நான். நிருஷாவின் கையில் கிறீஸ் படுவது அம்மாவுக்குப் பிடிக்காது, அவளுக்குக் கலியாணம் பேச வேண்டுமே.

அடுத்த நாள் பின்னேரம் மூவரும் கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டுக்குப் பயணம் சொல்லப் போனார்கள். காரை நல்ல நேரம் பார்த்துத்தான் வெளியில் எடுக்க வேண்டும் என்று நான் சொன்னதால் ஓட்டோவில் போனார்கள். அவர்கள் திரும்புவதற்குள் நான் ஒரு நட்டைக் கொஞ்சம் இளக்கினேன். பெற்றோல் மணந்தால் பயணம் நிற்கும், அவ்வளவுதான் என் எண்ணம். ஒரு நாள், இரண்டு நாள் பிந்தட்டும் என்று.

கோடு விலகிவிட்டது. பார்க்க அலங்கோலமாக இருந்தது. அதைத் துடைத்துவிட்டு, அதே போத்தலில் இருந்து நேராக இன்னொரு கோடு இழுத்தேன்.

காலையில் வினோதன் பொனட்டைத் திறந்து பார்த்தான். எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன. பளபளவென்று இருந்த பைப்பைப் படம் பிடித்துக் கூட்டாளிகளுக்கு அனுப்பினான். அந்தப் படத்தை வைத்துத்தானே, முறுக்காமலே கோடு இழுத்தான் என்று ஷாமிலைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் முறுக்கித்தான் விட்டான். நான் பலமெல்லாம் போட்டுத்தான் இளக்க வேண்டியிருந்தது.

தூரப் பயணம் போகும்போது வீட்டில் மூத்தவர் காருக்குத் தேங்காய் சுற்றுவது எங்கள் வழக்கம். இப்போது மூத்தவள் நான். நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தேன். தேங்காயின் மேல் கற்பூரத்தைக் கொளுத்தி மூன்று தரம் சுற்றி, முன் சில்லுக்குப் பக்கத்தில் கீழே வைத்தேன். அது எரிந்து முடிந்த பிறகுதான் உடைப்போம். வினோதன் மட்டும் உள்ளே இருந்தான்.

"தம்பி, ஸ்டார்ட் பண்ணும்," என்றேன்.

"மச்சாள், வவுனியா வரைக்கும் கேக்கிற மாதிரி உடையுங்கோ," என்றான். அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. கதவைத் திறக்கத் தீ அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை.

நிருஷா அப்போது மேலே இருந்தாள். தேநீர் பிளாஸ்க்கை மறந்துவிட்டாய் என்று நான்தான் அனுப்பியிருந்தேன். அது அரிசி வாளிக்குப் பின்னால் இருந்தது, தேட நேரம் எடுக்கும். மிதுனா என் இடுப்பில். ஆறு வயதுப் பிள்ளையை இப்போதெல்லாம் நான் தூக்குவதில்லை. அன்றைக்குத் தூக்கிக்கொண்டு கேற்றுக்கு வெளியே நின்றேன்.

யாருக்கும் ஒரு தீங்கும் நான் நினைக்கவில்லை.

நிருஷா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. கதைப்பாள். போக வேறு இடம் அவளுக்கு இல்லை. கையெழுத்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், ஐயா. ஒன்றரைக்கு மிதுனாவுக்குப் பள்ளிக்கூடம் விடும். முன்பு தகப்பன்தான் கூட்டிவருவான். இப்போது என்னை விட்டால் அதற்கு ஆள் இல்லை.