வசந்தா தட்டினால் நிற்கும் கம்ப்யூட்டர்

ரயில் வேப்பம்பட்டு தாண்டியதும் எதிர் பெஞ்சில் இருந்த பெண், பக்கத்திலிருந்தவரிடம், "நான் கை வெச்சா மட்டும் கம்ப்யூட்டர் நின்னுபோவுதுன்னு என்னை ஸ்டோருக்கு மாத்தப்போறாங்க சார்" என்றாள். தந்திக் கம்பங்களை எண்ணுவதை நிறுத்தினேன்.

அவர் அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவராம். "தப்பு உம்மேல இல்ல வசந்தாம்மா. கீயை அழுத்தினா, செய்யற வேலய உட்டுட்டு அது எங்க ஓடணும்னு ஒரு விலாசம் வெச்சிருக்கேன். புரோகிராம் அதை அப்பப்ப மாத்தும், பாதி பாதியா ரெண்டு தடவை எழுதணும். பாதி புதுசு, பாதி பழசா இருக்கசொல்ல நீ அழுத்திட்டே. அது இல்லாத ஊட்டுக்கு ஓடிப்போச்சி."

"மாத்த அவ்ளோ நேரமா ஆவுது?"

"கண்ண மூடித் தொறக்கறதுல ஆயிரத்துல ஒரு பங்குகூட ஆவாது. மத்தவங்க அது வேலய முடிக்கறவரைக்கும் காத்துக்கினு இருந்து அழுத்துறாங்க. நீ எங்க காத்துக்கினு இருக்கே?"

"இப்ப இன்னா பண்ணீங்க?"

"மாத்தி முடிக்கறவரைக்கும் கீ சத்தம் கேக்காம அதும் காதை அடைச்சிட்டேன். அப்புறந்தான் தொறக்கும். இன்னைக்கு மேனேஜர் எதிர்லயே அடிச்சிக் காட்டு."

"மெதுவா அடிக்கட்டுமா சார்?"

"ஐயோ, வேணாம்மா! எப்பவும்போல அடி. நிக்கலன்னா அதான் சாட்சி."

அவள் டிபன் பாக்ஸ் மூடியின்மேல் பத்து விரல்களாலும் தட்டிப் பார்த்துக்கொண்டாள். எத்தனை தட்டு என்று என்னால் எண்ண முடியவில்லை.