பச்சை விளக்கு அணையவில்லை

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல்தான் ஐயா. ஆனால் டைரியில் நேரம் மட்டும் தவறாமல் குறித்திருப்பேன். எனக்கு என்மேலேயே நம்பிக்கை குறைவு. ஸ்டவ்வை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். கும்மிடிப்பூண்டி கம்ப்யூட்டர் மாலை வகுப்பில் சார் சொன்னதுதான் எனக்குப் பிடிமானம்: ஒரு கோளாறை மூன்று முறை வரவழைத்துப் பார்க்காமல், கண்டுபிடித்தேன் என்று சொல்லக்கூடாது.

தேர்வாய் கண்டிகையில் எங்கள் பெயின்ட் கம்பெனியில் தொட்டி கழுவ இறங்குகிறவர் இடுப்பில் ஒரு வாயு மீட்டர் இருக்கும். அது இணைந்ததும் சர்வரில் ஓடும் தாய் புரோகிராம் தன்னைப்போலவே ஒரு பிரதியைப் பிரித்துவிடும். மீட்டர் அனுப்பும் எண்களைப் படிப்பதும், வாயு ஏறினால் சைரன் அடிப்பதும் அந்தப் பிரதிதான். இணைப்பு அறுந்தால் மீட்டரில் பச்சை போய்ச் சிவப்பு எரியும். ஆள் ஏறி வந்துவிடுவார்.

சில நாள் பிரதி ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக நின்று செத்தது. பச்சை மட்டும் அணையவில்லை. இரண்டு வாரம் தேடினேன். பிரதியைப் பிரித்ததும் தாய் புரோகிராம் தன் கையிலுள்ள இணைப்பை மூடவேண்டும். அந்த ஒரு வரியை யாரோ எழுத மறந்திருந்தார்கள். தாய் பிடித்துக்கொண்டே இருப்பதால், எதிர்ப்பக்கம் ஆள் இருப்பதாக மீட்டர் நம்பும்.

மீட்டரை மேஜைமேல் வைத்து, பிரதியை நானே இரண்டு முறை கொன்று, மேனேஜர் மோகன்ராஜிடம் காட்டினேன்.

“இன்னாபா எபினேசர், சாயங்கால கிளாஸுல இதான் சொல்லிக் குடுக்கறாங்களா? நீயே கொன்னுட்டு நீயே செத்துப்போச்சுன்றியே. தொட்டில ஆளு கீறப்போ காட்டு, ஒத்துக்கறேன்.”

கேலிக்குச் சொன்னாராம். எனக்கு நியாயமாகப் பட்டது.

இன்று காலை பத்து நாற்பதுக்குக் குப்புராஜ் அண்ணன் தொட்டி கழுவ இறங்கினார். நான் தொட்டி வாயருகே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். “பச்ச எரியுது பாரு நைனா. நீ வேற மேல கீற, எனக்கின்னா பயம்?” என்றார். பத்து ஐம்பத்திரண்டுக்கு அவருடைய பிரதியைக் கொன்றேன். பச்சை அப்படியே எரிந்தது. மீட்டர் எண்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. படிக்கத்தான் பிரதி இல்லை. நான் மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். வாயு எட்டு. இருபத்தைந்து. அறுபது. பதினொன்று மூன்றுக்குத் தேய்க்கும் சத்தம் நின்றது. அதையும் குறித்திருக்கிறேன்.

ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நடுவில் கூப்பிட்டிருந்தால், இன்னும் ஒரு நிமிடத்தில் சைரன் தானே அடித்திருக்கும் என்று மோகன்ராஜ் சார் சொல்லிவிடுவார். மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

பிறகு அந்த ஒரு வரியைச் சேர்த்து சர்வரை ஓட்டினேன். மீட்டரை அண்ணன் இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. சோதனைக்கு நிலைமை மாறக்கூடாது. பிரதியைக் கொன்றதும் சிவப்பு உடனே எரிந்தது. பதினொன்று பத்து. இனி அந்தத் தொட்டியில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அண்ணன் சம்சாரம் முத்தம்மாள் அக்காவிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

வீட்டுக்கு ஒரு போன் செய்யலாமா ஐயா? காலையில் ஸ்டவ்வை அணைத்தேனா என்று சந்தேகமாக இருக்கிறது. தெரிந்தும் சும்மா இருந்து, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என் மனசு தாங்காது.