கோட்டுக்கு வெளியே பதினோரு வீடு

— பக்கத்துத் தெருவுல முப்பது வீட்டுக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கே போன் வந்திருக்குக்கா. ஆத்துல தண்ணி ஏறுது, மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்கன்னு. அப்பாவை வெள்ளம் கொண்டுபோன வரிசையில ஒருத்தருக்கும் வரல. ஏன்?

— இதைக் கேக்கவா ஆபீஸ் வரைக்கும் வந்தே? உட்காருடா. சாப்பிட்டியா இல்லையா, மூஞ்சி எப்படிக் கிடக்கு பாரு.

— அதை விடு. நாளைக்குப் புகார் கொடுக்கறோம். வரிசையில பிழைச்சவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. தப்பு பண்ணது யாருன்னு ஒரு பேர் மட்டும் வேணும். பன்னெண்டு வருஷமா இங்க மேப் போடறவ நீ. உன்னை விட்டா நான் யாரைக் கேக்க?

— போன் பண்றது கீழ் மாடி, வெள்ளப் பிரிவு. நான் இல்ல.

— அங்க கேட்டுட்டுத்தான் வர்றேன். நீ எப்பவும் சொல்ற மாதிரி லிஸ்ட் மேப்ல இருந்துதான் வருதாம், மேல போய்க் கேளுங்கன்னு கையைக் காட்டிட்டாங்க.

— சரி, இப்படி வந்து திரையைப் பாரு. இந்த நீலம் ஆறு. பொடிப்பொடியா இருக்கற கட்டமெல்லாம் வீடு. ஊர்ல உள்ள அத்தனை வீடும் இதுல இருக்கு. கரையில இருந்து அம்பது மீட்டர் தள்ளி ஒரு கோடு போடுவோம். கோட்டுக்குள்ள விழற வீட்டை மட்டும் பொறுக்கிக் கொடுன்னா போதும், மத்ததைத் தள்ளிட்டு ஒரு நொடியில லிஸ்ட் வந்துடும். அந்த லிஸ்ட்ல இருக்கற நம்பருக்குத்தான் போன் போகும்.

— அப்போ அப்பா வீடு அம்பது மீட்டருக்கு அந்தப் பக்கமா?

— இல்ல. முப்பத்தெட்டு மீட்டர்.

— அப்போ கம்ப்யூட்டர் கோளாறு. அப்படியே எழுதிடவா?

— அது சொன்னதைத்தான் செய்யும்டா. கோளாறெல்லாம் இல்ல.

— சுத்தி வளைக்காதேக்கா. எனக்கும் கண்ணு இருக்கு. ஆறு நெடுகக் கோடு ஒழுங்காத்தான் வருது. நம்ம வரிசைகிட்ட மட்டும் ஏன் ஆத்துப் பக்கம் குழிஞ்சு போகுது? எவன் போட்ட கோடு இது?

— நான் போட்டது.

— நீயா?

— ரெண்டு வருஷம் முன்னாடி, ஆத்தோரத்து வீட்டையெல்லாம் இடிக்கணும்னு உத்தரவு வந்துச்சில்ல? அதுக்குத்தான் முதல்ல இந்தக் கோடு. லிஸ்ட் எடுத்துப் பார்த்தா அப்பா பேர் இருந்தது. அன்னிக்கே போய், நோட்டீஸ் வரும்ப்பான்னு சொன்னேன். அவர் எழுந்து போய் ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் விட ஆரம்பிச்சிட்டார். கொக்கி நனைஞ்சும் நிறுத்தல, எண்ணெயெல்லாம் சுவத்துல வழியுது. அதைப் பார்த்துட்டு எப்படிடா சும்மா இருக்கறது?

— அதனால?

— மறுநாள் வந்து கோட்டைப் பிடிச்சு இழுத்து வச்சேன். திரையில பார்த்தா ஒரு விரல் அகலம்கூட இல்ல. அப்பா வீட்டை மட்டும் விட்டா பளிச்சுன்னு தெரியும்னு வரிசையையே வெளிய விட்டேன். பதினோரு வீடு. எல்லாருக்கும் நல்லதுதான் பண்றோம்னுகூட நினைச்சேன்.

— இடிப்புதான் கோர்ட்ல நின்னுபோச்சேக்கா.

— இடிப்பு நின்னுது. கோடு கம்ப்யூட்டர்லயே கிடந்தது. இந்த வருஷம் வெள்ளப் பிரிவுக்காரங்க புதுசா அளக்காம அதையே எடுத்துக்கிட்டாங்க. என்னை யாரும் கேக்கல.

— உனக்குத் தெரியாமலேயே நடந்துடுச்சுன்னு சொல்லு.

— போன மாசமே தெரியும். சரி பண்ணப் போனா, ஏன் குழிஞ்சிருந்ததுன்னு கேப்பாங்க. வேலை போயிடும். மழைக்கு இன்னும் நாள் இருக்கேன்னு தள்ளிப்போட்டேன். அன்னிக்கு மத்தியானம் மழை வலுத்ததும் உனக்குப் போன் பண்ணி, அப்பாவைக் கூட்டிட்டு வந்துடுன்னு சொன்னேன்.

— ஏன்னு நீ சொல்லவே இல்லையே.

— எந்த வாயால சொல்லுவேன்? மத்த பத்து வீட்டைப் பத்தியும் மூச்சு விடல. தண்ணி அவ்வளவு தூரம் வராதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கடைசி வீட்டுத் தையல்காரரும் அவர் சம்சாரமும் என்ன பாவம் பண்ணாங்க? விடியறப்போ தண்ணி அழுத்திக் கதவைத் திறக்கக்கூட முடியாம உள்ளேயே போயிட்டாங்களாம்.

— அக்கா, போதும்.

— என்ன போதும்? பேர் வேணும்னு வந்தேயில்ல? புகார்ல என் பேரை எழுது. நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஜெயில்ல போட்டாலும் போடட்டும், ராத்திரி கண்ணை மூடினா சுவத்துல அந்த எண்ணெய் வழியறதுதான் தெரியுது.

— என்னால எழுத முடியாது.

— கூடப் பிறந்தவன்னு பார்க்காதேடா. பாலம் மூழ்கிடுச்சுன்னு நீ பாதி வழியில திரும்பினதுக்கும் நான்தான் காரணம். காலையிலேயே சொல்லியிருந்தா நீ போய்ச் சேர்ந்திருப்பே.

— பாலம் மூழ்கலக்கா.

— என்னடா சொல்றே?

— நான் போய்ச் சேர்ந்துட்டேன். ஆறரை இருக்கும். அப்பா பையெல்லாம் கட்டி, செருப்புகூட மாட்டிக்கிட்டுத் தயாரா உட்கார்ந்திருந்தார். நான்தான் அக்கம்பக்கம் விசாரிச்சேன். வரிசையில யாருக்கும் போன் வரலன்னாங்க. அக்கா எப்பவும் பயப்படறவதானே, ஆனா அவ போடற மேப்பு தப்பாகாதுப்பான்னு சொல்லி, கட்டின பையைப் பிரிச்சு வச்சிட்டு வந்தேன்.