காயவைத்த படி

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், மேஸ்திரி. அப்பாவுக்குப் போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. பின்வாசலில் குனிந்து அளந்தது போதும், உட்காருங்கள். உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. படி ஆடியதால்தான் அப்பா விழுந்தார் என்று என் தம்பி தொலைபேசியில் உங்களைக் கண்டபடி ஏசியது எனக்குத் தெரியும். வெளியூரில் இருப்பவனுக்கு அங்கிருந்து ஏசத்தான் முடியும்.

அம்மா படுத்த படுக்கையானபோது நான் வேலையை விட்டேன். அம்மா போனதும் அப்பாவின் கண் மங்கியது, பிறகு முழங்கால் மடங்கவில்லை. எழுந்தால் நான், உட்கார்ந்தால் நான். அவர் "அம்மாடி" என்று ஒரு குரல் கொடுத்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். சலித்துக்கொண்டுதான் ஓடினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் ஓடினேன்.

அப்புறம் தம்பி உங்களை அனுப்பினான். குளியலறையில் கைப்பிடிக் கம்பி வைத்தீர்கள், கழிப்பறை இருக்கையை உயர்த்தினீர்கள், கதவை அகலமாக்கினீர்கள். பின்வாசல் இறக்கம் அதிகமென்று, அப்பா தானாகவே முற்றத்துக்குப் போய் வெயிலில் உட்காரட்டும் என்று, பலகையில் ஒரு படி செய்து விளிம்பில் ரப்பர் ஒட்டினீர்கள்; பிடித்து இறங்கப் பக்கச் சுவரில் அங்கேயும் ஒரு கம்பி பதித்தீர்கள். போகும்போது என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "இந்தப் படிய மட்டும் யாரும் நகத்தக் கூடாதும்மா. அய்யா கண்ணால எறங்கல, காலால எறங்குறாரு." நான் அதை நன்றாகவே கேட்டுக்கொண்டேன்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தானே குளித்தார். தானே தேநீர் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். அவர் இருமினால் நான் பாதி எழுந்துவிடுவேன். "ஒண்ணுமில்லம்மா, நீ உட்காரு" என்பார். உட்காரு, உட்காரு, உட்காரு. மனிதருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வாயில் இருந்தது. மடியில் கையை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடமெல்லாம் ரொம்ப சந்தோஷம் என்றேன்.

பிறகு தம்பி தொலைபேசியில் பேசினான். "அக்கா, அப்பாதான் எல்லாத்தையும் தானே பண்ணிக்கிறாரே. நீ ஏன் இன்னும் அங்கயே கெடந்து கஷ்டப்படுற? பெண்கள் விடுதியில ஒரு ரூம் பார்த்திருக்கேன். பக்கத்துலயே ஒரு கடையில கணக்கு எழுத ஆள் கேட்கிறாங்க." அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த யோசனையே அவருடையதாம். "உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமாம்மா? அதுக்குத்தானே இவ்வளவும் செய்யச் சொன்னேன்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. ஐம்பது தாண்டியவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதை இவ்வளவு அன்பாகக்கூடச் செய்யலாம் என்று அன்றுதான் தெரிந்தது. வாழ்க்கை வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு, நான் அதுவரை வாழ்ந்ததற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

படியில் பாசி பிடித்திருந்தது. நீங்களே பார்த்திருந்தால் தேய்த்துக் கழுவத்தான் சொல்லியிருப்பீர்கள். மறுநாள் காலையில் தேய்த்துக் கழுவி, சுவரோரம் வெயிலில் சாய்த்து வைத்தேன். மரம் காய வேண்டுமல்லவா? சமையலறைக்கு வந்து பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தேன். அப்பாவின் செருப்புச் சத்தம் என்னைக் கடந்து போனது.

"முத்தத்துக்குப் போறேம்மா" என்றார்.

"சரிப்பா" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். உங்கள் கம்பி அசையவில்லை. அவர் கால் மட்டும் படியைத் தேடியது. விழுந்த சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவருவதற்குள் படியை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டேன். அப்பாவைத் தொடுவதற்கு முன்பா, பிறகா என்று நீங்கள் கேட்க நினைப்பது தெரிகிறது. முன்புதான். அடியில் இன்னும் ஈரம் இருந்தது.

இடுப்பெலும்பு. இனி நடக்க மாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தம்பி தொலைபேசியில் அழுதான். "நீ மட்டும் இல்லன்னா என்ன ஆகியிருக்கும், அக்கா" என்றான். விடுதிப் பேச்சு அத்தோடு நின்றது.

இதையெல்லாம் அவனிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். செய்யாத தப்புக்கு நீங்கள் ஏன் ஏச்சு வாங்க வேண்டும்? சொல்லிவிட்டு, அப்பாவை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் அவனிடமே கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.

படி எங்கே என்றுதானே தேடுகிறீர்கள்? உள்ளே இருக்கிறது. வெளியில் இனி அதற்கு வேலையில்லை. கட்டிலோரம் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் அப்பாவுக்கு ஊட்டுகிறேன். உயரம் கச்சிதம், கொஞ்சமும் ஆடுவதில்லை. முதல்நாள் அப்பா கையை நீட்டி, நான் உட்கார்ந்திருப்பது எதன்மேல் என்று தடவிப் பார்த்தார். ரப்பர் விளிம்பில் விரல் நெடுநேரம் நின்றது. அதற்குப் பிறகு அவர் பேசுவதில்லை. வாயைத் திறக்கச் சொன்னால் திறக்கிறார். கோபமெல்லாம் இருக்காது, மேஸ்திரி. இருந்தால் என்னைப் போகச் சொல்லியிருப்பார். ஒருமுறைகூடச் சொல்லவில்லை.