ஓரம்வரை கீறிய முனை

ஹட்டனில் மழைக்காலத்தில் துணி காய்வதற்கு எங்கள் பட்டறையைப் போல நல்ல இடம் கிடையாது. பக்கத்துத் தோட்ட லயத்து வீடுகளின் பெண்கள்கூட வந்து கொடி கட்டுவார்கள். நாங்கள் உருக்கைத் தண்ணீர் விடாமல் கடைகிறவர்கள். உருக்கை வெட்டும் செராமிக் முனை கொதித்திருக்கும்போது தண்ணீர் பட்டால் வெடித்துவிடும்.

நான் மகாலிங்கம், யாழ்ப்பாணத்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பித்து விலகியவன், தனி ஆள். லேத் மெஷினில் நின்று கடைந்தவன் ஆண்டியப்பன், அக்கரப்பத்தனைத் தோட்டத்தான், தாய் தகப்பன் இல்லாதவன். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மெஷின் தண்டுகள் கடைந்து கொடுத்தோம்.

உருக்கிலிருந்து சுருண்டு வரும் சூடான சீவல் முனையின் முகத்தில் ஒட்டி உரசுவதால்தான் முனை கெடுகிறது. அந்த முகத்தில் மயிரிழை வரிகளைக் கீறிவிட்டால் உரசல் குறையும் என்பது என் யோசனை. வைர ஊசியால் நானே கீறினேன். நன்றாகவே வெட்டியது. ஒரு முனையில் மட்டும் வரிகள் வெட்டும் ஓரம்வரை போய்விட்டன. ஓரம் உடைந்து தெறித்ததில் ஆண்டியப்பனின் இடது கண் போயிற்று.

அது விபத்து. அதைப் பற்றி நீங்கள் என்னைக் கேட்கத் தேவையில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனை என் வீட்டுக்கே கூட்டி வந்தேன். கஞ்சி ஊட்டினேன், கண்ணுக்கு மருந்து விட்டேன். "சேர் மட்டும் இல்லாட்டி நான் என்னாங்க ஆவேன்" என்றான். அதுவரை அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை.

பிறகு ஒற்றைக் கண்ணோடு மறுபடி லேத்தில் நின்றான். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கிட்டவே போகமாட்டான். ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது சொன்னான்.

"கொழும்புல ஒரு பட்டறையில என்னைய வேலைக்கு எடுக்கிறாங்களாம் சேர். எங்க தோட்டத்துச் சின்னராசா அண்ணன் பேசி முடிச்சிட்டாரு. அடுத்த கெழம போறேங்க."

"நல்லது" என்றேன்.

அன்றே புது முனை ஒன்றை எடுத்து, வரிகளை ஓரம்வரை இழுத்தேன், இன்னும் ஆழமாக. நீளப் பள்ளம் வெட்டிய தண்டு ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். அது சுற்றச் சுற்றப் பள்ளத்தின் விளிம்பு முனையை அடித்துக்கொண்டே இருக்கும்.

"சீவல் சூட்டில நீலமா வருதோ எண்டு பார். கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் குனிஞ்சு பாரடா."

"பயமா இருக்குங்க சேர்."

"நான் நிக்கிறன்தானே."

கழற்றினான்.

இப்போது வீட்டில் நான் எந்த மூலைக்குப் போனாலும் அவன் முகம் அந்தப் பக்கம் திரும்புகிறது. மூச்சை அடக்கி நின்றாலும் கண்டுபிடிக்கிறான். கட்டில் சட்டத்தை நகத்தால் வரிவரியாகக் கீறுகிறான். நேற்றுக் கேட்டான்: "அந்த முனையயும் ஓரம் வரைக்குமா சேர் கீறுனீங்க?" நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஒரு கவளத்தை அவன் உதட்டருகே கொண்டுபோனேன். அவன் வாயைத் திறந்தான்.

அவன் பொலிசில் முறைப்பாடு செய்யவில்லை. நானாகவே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்: இரண்டாவது கண்ணை நான் தெரிந்தே எடுத்தேன். மத்தியானத்துக்குள் என்னை விட்டுவிடுவீர்கள்தானே? வேறு யார் கையாலும் அவன் சாப்பிடமாட்டான்.