புதுவாயல் தாண்டி நிறுத்தின பாட்டு

வாங்க வாங்க, அல்லாரும் நல்லா கீறீங்களா? பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்க, நாற்காலி காலியாத்தான் கீது. நைட் ஷிஃப்ட் முடிச்சி நேரா வந்தவங்க நாஷ்டா துன்னீங்களா? மேடையில கீற சங்கத்து செயலாளர் சின்னதுரை ஐயாவுக்கும், சூப்பர்வைசர் ஸ்டீபன் சாருக்கும், முதல் வரிசையில ஒக்காந்துகினு கீற நம்ம பாயோட பொண்ணு உமைராவுக்கும், பாய் கூட வேலை செஞ்ச அத்தனை பேருக்கும் என்னோட வணக்கம், சலாம்.

எம் பேரு மணவாளன். பதிமூணு வருஷமா பெரியபாளையம் பக்கத்து ஆரணியிலேருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு கம்பெனி வண்டி ஓட்டறேன். மைக்கு பழக்கம் இல்ல, ஸ்டியரிங்தான் பழக்கம். ஸ்கூலு பக்கமே போனதில்ல. சுத்தி வளைச்சித்தான் பேசுவேன். எளாவூர் செக்போஸ்ட்ல லாரி மாட்டினா மாதிரி எங்கனா நின்னுட்டேன்னா கோச்சிக்காதீங்க.

அஞ்சலி பேனர்ல 'இசை ரசிகர் கிஃபாயத்துல்லா அவர்கள்'னு போட்டுகீறாங்க. வேற இன்னா போடறது? கம்பெனியில அவரு வேலையே காதாலதானே? வார்ப்பு முடிஞ்சி வர்ற இரும்ப சின்ன சுத்தியால தட்டுவாரு. கணீர்னு வந்தா பாஸு. மொத்தையா வந்தா உள்ள கீறல். மிஷினு சொல்றதுக்கு முன்னாடி பாய் சொல்லிடுவாரு. அந்தக் காதோடதான் காலையில என் வண்டியில ஏறுவாரு.

ஆரணியிலேருந்து கம்பெனி கேட்டு வரைக்கும் முக்காமணி நேரம். ஒரு ஆல்பம் சரியா ஓடும். தினம் ஒருத்தர் பென் டிரைவ் கொண்டாருவாங்க. பாய் எதுவும் கொண்டார மாட்டாரு, கேட்டுட்டு கருத்து மட்டும் சொல்லுவாரு. அவருக்குன்னு ஒரே ஒரு சட்டம். ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் ஓட்டணும். "நடுவுல நிறுத்தறது, பேசிக்கினு கீறவன் வாயப் பொத்தறா மாதிரி மணவாளா"ன்னுவாரு.

ஆடி மாசம் ஒருத்தர் அம்மன் பாட்டு ஆல்பம் போட்டாரு. பெரியபாளையம் கூட்டம் மொத்தமும் வண்டிக்குள்ள வந்தா மாதிரி கீது. பாய் சொன்னாரு, "உடுக்கை அடிக்கிறவரு அம்மாவ பாத்துட்டாரு. பாடறவரு இன்னும் கியூவுல நிக்கிறாரு." வண்டியே சிரிச்சிது. எம் பொஞ்சாதி அஞ்சம்மாள் கிட்ட சொன்னேன், அவ மட்டும் சிரிக்கல. "அந்த மனுசன் சொன்னது சரிதான், நானும் கேட்டேன்"னா. அவளுக்கு அம்மன் பாட்டுன்னா உசுரு. அத விடுங்க.

ஆபீஸ்ல கீற ஜெனிபர் ஒரு இங்கிலீஷ் ஆல்பம் கொண்டாந்துது. கிதாரு, டிரம்ஸு, ஒரே கத்தல். அல்லாரும் காத பொத்திக்கினாங்க. பாய் கண்ண மூடி கடைசி வரைக்கும் கேட்டாரு. "கத்தறான்னு சொல்லாதீங்க. நம்ம ஃபர்னஸ் பக்கத்துல நின்னா நாமளும் இப்படித்தான் பேசறோம். அவன் பக்கத்துல இன்னா எரியுதோ"ன்னாரு. அந்தப் பொண்ணு அன்னிக்கு முழுக்க ஆபீஸ்ல சிரிச்ச மொகமா இருந்துதாம்.

நாதஸ்வர சிடி ஒண்ணு. "ரொம்ப தொடச்சி வெச்சிட்டாங்க. பந்தியில பாத்திரம் சத்தம் இல்லாத நாதஸ்வரம், பசியே எடுக்கல." கிறிஸ்மஸுக்கு ஸ்டீபன் சார் கொண்டாந்த சர்ச் ஆல்பத்துல ஒரு கொழந்தை இருமும். "அந்த இருமல எடுக்காம வுட்டான் பாருங்க, அவனுக்குத்தான் பாட்டு தெரியும்"னாரு. ஸ்டீபன் சார், ஞாபகம் கீதா? கானா போட்டா, "சாவு ஊட்டுல பாடறான், ஆனா உசுரோட கீறவன பத்தித்தான் பாடறான்." தெலுங்கு டான்ஸு ஆல்பம் போட்டா, "ஏழு பாட்டு நைனா, ஆனா ஒரே ஆளு. சொக்கா மட்டும் மாத்திக்கினு வர்றான்."

இப்ப நான் ஒண்ணு சொல்லணும். சொல்லாம எறங்கிடலாம்னுதான் வந்தேன். ஆனா எனக்கு முன்னாடி பேசின செயலாளர் ஐயா, "பாய் எதையும் குறை சொல்லாத மனுஷர், எந்தப் பாட்டக் கேட்டாலும் நல்லா இருந்துதுன்னு சொல்லுவார்"னு புகழ்ந்தாரு. நீங்க கை தட்டினீங்க. ஐயா, நீங்க நம்ம கம்பெனிக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆவுது. நீங்க பாத்த பாய் அப்படித்தான். அவர அப்படி ஆக்கினது நான்.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு வியாழக்கெழமை. பாய் மொத மொறையா ஒரு பென் டிரைவ் கொண்டாந்தாரு. "மணவாளா, இன்னிக்கு என்னுது போடறியா? ஆறு பாட்டுதான்"னாரு. பதினோரு வருஷத்துல அவரு என்னைக் கேட்டது அது ஒண்ணுதான். போட்டேன். தஃப் கொட்டு அடிச்சிக்கினு ஒரு பெரியவரு பாடறாரு. அவங்க மார்க்கத்துப் பாட்டு. மொதப் பாட்டு முடிஞ்சி, புதுவாயல் தாண்டி ரெண்டாவது பாட்டு ஓடுது. பின்னாடி சீட்லேருந்து ஒருத்தர், "இன்னா டிரைவரே, வண்டி கம்பெனிக்குப் போவுதா, பள்ளிவாசலுக்குப் போவுதா?"ன்னாரு.

நாலஞ்சி பேரு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சிக்கினே கைய நீட்டி பாட்ட நிறுத்திட்டு எஃப்எம் போட்டேன். பொடவைக் கடை விளம்பரம் வந்துது.

சொன்னவரு பேர நான் சொல்ல மாட்டேன். அவரு வெறும் வாயத்தான் தொறந்தாரு. கை என்னுது. பெரியபாளையத்துக்கு உடுக்கை வாசிச்சவரு கூட கடைசி வரைக்கும் வந்த மனுசனுக்கு, ஆறு பாட்டு ஓட என் வண்டியில எடம் இல்லியா? யாராவது அதிகாரி சொன்னாரா? சட்டமா? ஒண்ணும் இல்ல. நாலு பேரு சிரிப்புக்கு பயந்தேன்.

பாய் சண்டை போடல. கேட்டுல எறங்கும்போது பென் டிரைவ எடுத்து ஜோப்புல வெச்சிக்கினு, "வரேன் மணவாளா"ன்னாரு, எப்பவும் போல. மறுநாளும் வந்தாரு. அன்னிக்கு யாரோ கொண்டாந்த ஆல்பம் ஓடி முடிஞ்சிது. "எப்படி பாய்?"னு கேட்டேன். "நல்லா இருந்துது"ன்னாரு. அதுக்கு மறுநாளும் அதேதான். அம்மன் பாட்டா, நல்லா இருந்துது. இங்கிலீஷா, நல்லா இருந்துது. ரெண்டு வருஷம். திட்டியிருந்தா தேவலாம். மொகத்துல அடிச்சிருந்தா தேவலாம். ஒரு நாளு கூட நான் மன்னிப்பு கேக்கல. நாளைக்கு கேக்கலாம்னு வண்டி ஓட்டினேன். மாரடைப்புக்கு நாளைக்குன்னு ஒண்ணு இல்ல.

பழவேற்காட்டுல அடக்கம் முடிஞ்சப்புறம் இந்த உமைரா பொண்ணு கிட்ட, அது இன்னா ஆல்பம்மான்னு கேட்டேன். அது சொல்லுது, "அது எங்க தாத்தா பாடினது மாமா. அத்தாவோட வாப்பா. கருவாடு யாவாரம், கல்யாண ஊட்டுல பாடுவாரு. அன்னிக்கு அவரோட வருஷ நெனைவு நாளு, மௌத்தான தேதி. 'வண்டியில அல்லாரும் வெவரமானவங்க, இன்னா சொல்றாங்கன்னு கேட்டுக்கினு வரேன்'னு அத்தா சொல்லிட்டுப் போனாரு."

ஊருக்கெல்லாம் கருத்து சொன்ன மனுசன், அவங்க அப்பா பாட்டுக்கு நம்ம கிட்ட ஒரு கருத்து கேக்க வந்தாரு. நாம அவருக்கு பொடவை விளம்பரம் குடுத்தோம்.

பாயோட சம்சாரம் ஹாஜிரா அம்மா, புருசன் போன இத்தாவுல கீறாங்க, நாலு மாசத்துக்கு வெளிய வர மாட்டாங்க. நான் ஊட்டு வாசல் வரைக்கும் போய் நின்னுட்டு திரும்பி வந்துட்டேன். உமைரா, நீ அம்மா கிட்ட சொல்லு. எனக்கு மன்னிப்பு குடுங்கன்னு சொல்லாத. அது அவங்க இஷ்டம். நான் செஞ்சத மட்டும் சொல்லு.

உறுதிமொழி எடுக்கணும்னு சொன்னாங்க. பெருசா எனக்குத் தெரியாது. இனிமே என் வண்டியில யாரு பாட்டும் நடுவுல நிக்காது. புடிக்காதவங்க பஸ்ல வரலாம். அப்புறம், அந்த ஆறு பாட்டையும் உமைரா கிட்ட வாங்கி, வண்டிய ஓரம் கட்டி கேட்டேன். பாய் கேக்க நெனைச்ச கருத்த இப்ப சொல்றேன். பூசி மெழுகினா அவருக்குப் புடிக்காது. மொதப் பாட்டு சுமாரு, பெரியவருக்கு தொண்டை இன்னும் சூடாவல. மூணாவது நல்லா கீது, மூச்சு வாங்கறது கேக்குது, அது கூட நல்லா கீது. அஞ்சாவதுல தஃப் அடிக்கிறவரு முந்திக்கினு ஓடறாரு. ஆறாவது பாட்டுலதான்,

இன்னாம்மா உமைரா? முடிச்சிடறேம்மா. போனா? யாரு, ஹாஜிரா அம்மாவா? ஆரம்பத்துலேருந்தே லைன்ல கேட்டுக்கினா இருந்தாங்க?

ஆறாவது பாட்ட போன்ல அவங்க கிட்டயே சொல்லணுமா? சரிம்மா. எறங்கி வரேன். ஐயா, இந்த மைக்க யாராவது புடிங்க. ஆறாவது பாட்டுல இன்னான்னா, அந்தப் பெரியவரு கொரலு அப்படியே நம்ம பாய் பேசறா மாதிரியே...