வரிசையில் இல்லாத வண்டி

வண்டிகளோடு இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு வண்டி ஓட்டுவதில் ஆசை கிடையாது. பசுமலை வீட்டிலிருந்து பழங்காநத்தம் ஒர்க்‌ஷாப்புக்கு சைக்கிளில்தான் போவேன். காலையில் அந்த ரோட்டில் காற்று நன்றாக இருக்கும். நீங்களும் ஜீப்பை விட்டுவிட்டு ஒரு நாள் போய்ப் பார்க்கலாம், இன்ஸ்பெக்டர் சார்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் இன்பசேகரன். டீசல் வேன் விற்கிற ஏஜென்சியில் ஒர்க்‌ஷாப் பொறுப்பு என்னுடையது. மனைவி ஜோசபின் டீச்சர். குழந்தைகள் இல்லை. குடிப்பதில்லை. யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நேற்று உங்கள் ஏட்டையா என்னைப் பார்த்து, "இந்த மூஞ்சியா இம்புட்டையும் செஞ்சுச்சு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

போன வருஷம் கம்பெனி ஒரு நல்ல காரியம் செய்தது. விற்ற வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டு, பழுதான ஒரு பாகத்தை இலவசமாக மாற்றிக் கொடுக்கச் சொன்னது. நம் பக்கத்தில் அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. பழுது ஸ்டீயரிங்கில். ஸ்டீயரிங்கையும் முன்சக்கரத்தையும் சேர்க்கிற ராடின் முனையில் ஒரு இரும்புக் குண்டு இருக்கும். அது ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து திரும்பும். கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்துபோனால் குண்டு வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு டிரைவர் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் சுற்றினாலும் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

குறிப்பிட்ட நம்பருக்குப் பிறகு செய்த வண்டிகளில்தான் இந்தக் கோளாறு என்றது கம்பெனி. நான் அதற்கு முந்தைய வண்டிகளையும் கழற்றிப் பார்த்தேன். அதே கிண்ணம், அதே தேய்மானம். கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டுச் சொன்னேன். அந்த வண்டிகள் வரிசையில் இல்லை என்றார்கள். மறுபடி சொன்னேன். அதே பதில். முதலாளியிடம் போனேன். "கம்பெனியே இல்லைங்குறான், உனக்கு எதுக்குய்யா வயித்துவலி?" என்றார்.

சரி, வண்டிக்காரர்களிடமே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அப்படிப் பழைய வண்டி வைத்திருந்த எழுமலைக் காசிமாயனிடம், கைக்காசு போட்டாவது கிண்ணத்தை மாற்றிவிடச் சொன்னேன். தக்காளி லோடு அடிக்கிற ஆள், சத்தமாகப் பேசுவான். ஒர்க்‌ஷாப் வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது சிரித்துவிட்டான்.

"ஏண்ணே, கம்பெனிக்காரன் சும்மா மாத்திக் குடுக்குறதை எங்கிட்ட காசுக்கு விக்கப் பாக்குறீகளா? நல்லா இருக்கே உங்க யாவாரம்."

எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் வேலை பழகினவர்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். எனக்குக் கோபம் இல்லை. அதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து ஜோசபினிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுவது என் வழக்கம்.

"அந்தக் கிண்ணத்த நம்ம ஊர் லேத்துல கடைஞ்சு போட முடியாதாங்க?" என்றாள்.

"முடியும்."

"அப்பக் கடைஞ்சு நீங்களே போட்டுருங்களேன். அவன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்."

நல்ல மனசு. ஆனால் விஷயம் புரியாத யோசனை. நான் ஒரு வண்டிக்கு மாற்றிப் போட்டால் அந்த ஒரு வண்டி பிழைக்கும். மற்ற வண்டிகள் ரோட்டில்தான் ஓடும். கம்பெனியின் தப்பையும் நானே மூடிவைத்த மாதிரி ஆகும். ஒரு வண்டி பழுதாகி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தால், அத்தனை வண்டிகளையும் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். என்றைக்காவது ஒரு நாள் அது நடக்கத்தான் போகிறது. அதைக் கொஞ்சம் முன்னால் நடக்க வைப்பது குற்றமா என்று யோசித்தேன். சர்ச்சில் உட்கார்ந்தும் யோசித்தேன். அப்படி ஒன்றும் பெரிய குற்றமாகத் தெரியவில்லை.

காசிமாயனின் வண்டி முதலில் வந்தது. அவ்வளவுதான். பிரேக் இறுக்க விட்டுவிட்டு, கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ராடின் முனையைக் கழற்றி, கிண்ணத்தின் விளிம்பை அரத்தால் ராவினேன். அதிகம் இல்லை. ஏற்கெனவே தேய்ந்திருந்ததை இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். ராவின தடம் பளபளக்காமல் இருக்கக் கிரீஸும் மண்ணும் குழைத்துப் பூசினேன். கடைசியில் அரம் வழுக்கி என் உள்ளங்கையைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு ராடைப் பழையபடி மாட்டினேன். சுத்தமான வேலை.

காசிமாயன் சாயங்காலம் வந்தான். கூடவே அவன் பெண்சாதி மலையம்மாளும் சொந்தக்காரப் பெண்கள் சிலரும் வந்தார்கள். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, குடம் எல்லாவற்றையும் வேனில் ஏற்றினார்கள். மலையம்மாள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பானையிலிருந்து நானே மொண்டு கொடுத்தேன். அந்தப் பெண்கள் பஸ்ஸில் போவார்கள் என்று நினைத்தேன். பாத்திரங்களுக்கு நடுவில் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தபோதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வாரேண்ணே," என்றான் காசிமாயன். நானும் தலையாட்டினேன்.

வண்டி நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டியதும் ரோட்டோரப் புளியமரத்தில் மோதியது. யாரோ பெட்ரோல் பங்கிலிருந்து போன் செய்தார்கள். ஒர்க்‌ஷாப் ஜீப்பில் ஆட்களோடு போனேன். வெளிச்சம் இருந்தது. மரம் வேனின் முன்பாதிக்குள் இருந்தது. பின்னாலிருந்த பெண்களையும் அண்டாக்களையும் பிரித்து எடுக்க முடியவில்லை. மோதின வேகத்தில் பாத்திரங்கள் அவர்கள் மேல் பாய்ந்திருந்தன. ஒரு குத்துவிளக்கு மலையம்மாளின் கழுத்தின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்திருந்தது. பாத்திரக் கடைக்காரர் சுற்றிக் கொடுத்த காகிதம்கூட அதிலிருந்து கழலவில்லை.

காசிமாயனுக்கு உயிர் இருந்தது. ஸ்டீயரிங் தண்டு நெஞ்சில் ஏறி அவனை சீட்டோடு தைத்திருந்தது. நான் வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனேன்.

"அண்ணே, மொதல்ல ஆளத் தூக்குங்கண்ணே," என்று வெளியே கத்தினார்கள்.

"இரு. ஜாயின்ட்டு கலையுறதுக்குள்ள பாத்துரணும்," என்றேன்.

வண்டியை அசைத்தால் எல்லாம் இடம் மாறிவிடும். ஆகவே முதலில் அதைப் பார்த்தேன். குண்டு கிண்ணத்தைவிட்டு அழகாக வெளியே வந்திருந்தது. நான் சொன்ன மாதிரியே. என் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது டீசல் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்து சட்டையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. காசிமாயன் என்னைப் பார்த்தான். வாயில் ரத்தம் நுரைத்தது.

"ஸ்டீரிங்கு... பிடிக்கலண்ணே. நீங்க சொன்னது நெசந்தான்."

எனக்கு மனசு நிறைந்துபோனது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஜாக்கி வைத்து நெஞ்சிலிருந்த தண்டை நகர்த்தினோம். அதை எடுத்ததும் செத்துப்போனான். எடுத்தால் அப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சுற்றி நின்றவர்கள் எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தினார்கள்.

கம்பெனி இன்ஜினியர் வந்தார். சின்ன வயசு, சலவைச் சட்டை. கிண்ணத்தைக் கையில்கூட வாங்கவில்லை. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றினால் இப்படித்தான் ஆகும், பாரம் தாங்காமல் போயிருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளிக்கு நிம்மதி. இருவரும் சாப்பிடப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

அப்படியென்றால் அத்தனை சாவும் வீண். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த வாரம் ஒரு நாள் ஜோசபின் என் கையில் துணியை மாற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டே கேட்டாள்:

"அந்த எழுமலை வண்டி அன்னைக்கு உங்க ஒர்க்‌ஷாப்புலதான நின்னுச்சு?"

"ஆமா."

"நீங்களா பாத்தீங்க?"

"பிரேக்க மட்டும்."

"இந்தக் காயம்?"

"தகரம் கிழிச்சிருச்சு."

முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து போனாள். எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் உண்டு. அவள்தான் வாய்விட்டுச் சொல்வாள். அன்றைக்கு உதடு மட்டும் அசைந்தது. அதற்குப் பிறகும் அப்படியே. என்ன கேட்கிறாள் என்று எனக்குக் கேட்காமல் போனது. ஒரு நாள், "சர்ச்சுல ஆயர்கிட்ட போய் ஒரு வார்த்தை பேசிட்டு வருவோமாங்க? நானும் கூட வாரேன்," என்றாள். எதைப் பற்றி என்று கேட்டேன். அழுதாள். பிறகு, "வர்ற ஞாயித்துக்கிழமை பேசிருவோம்," என்றாள். சரி என்றேன்.

இதற்கும் அடுத்து நடந்ததற்கும் முடிச்சுப் போடாதீர்கள். அடுத்த வண்டியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. இந்தத் தடவை பாரம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆட்கள் போவதற்கென்றே லைசென்ஸ் வாங்கிய வண்டியாக, பொறுமையான டிரைவராக இருக்க வேண்டும். டீச்சர்கள் வேன் அப்படிப்பட்டது. வரிசையில் இல்லாத பழைய வண்டி. ஆண்டிச்சாமி என்ற பெரியவர் ஓட்டினார். நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்துக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போகும். ஜோசபினும் அதில்தான் போனாள் என்பது உண்மை. பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும். அதனால் எப்போதும் முன்சீட்டு.

சும்மா கிரீஸ் அடித்துத் தருகிறேன் என்று ஆண்டிச்சாமிக்குச் சொல்லியனுப்பினேன். சந்தோஷமாகக் கொண்டுவந்தார். "டீச்சரம்மா வீட்டுக்காரரு இருக்குறப்ப நமக்கென்ன கவலை," என்றார். காயம் ஆறாத கை. வேலை முன்னைப் போலச் சுத்தமாக வரவில்லை.

அது சனிக்கிழமை. அன்றைக்கு அரைநாள் பள்ளிக்கூடம். தேனி ரோட்டில் எதிரே ஜல்லி லாரி வந்தது. ஆண்டிச்சாமி இடது பக்கம் ஒடித்தார், வண்டி வலது பக்கம் போய் லாரியில் மோதியது. முன்னால் இருந்தவர்களை ஜல்லிக்குள்ளிருந்துதான் தோண்டினார்கள். முகம் வைத்துச் சொல்ல முடியவில்லை. சவக்கிடங்கில் இரண்டு பெண்களைப் போட்டுவிட்டு, எது உன் சம்சாரம் என்று கேட்டார்கள். சேலையெல்லாம் ஒரே நிறமாகிவிட்டிருந்தது. கால் விரலைப் பார்த்துச் சொன்னேன். பின்சீட்டு டீச்சர் ஒருத்தி ஆஸ்பத்திரியில் கத்திக்கொண்டே இருந்து மறுநாள் செத்துப்போனாள். பெயர் தங்கம். எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கு முறுக்கு கொண்டுவருவாள்.

இந்தத் தடவை யாரும் என்னை எதிர்த்துப் பேசவில்லை. மனைவியைப் பறிகொடுத்தவன் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? கம்பெனி பழைய வண்டிகளையும் சேர்த்துக் கூப்பிட்டது. முதலாளி என் தோளைத் தட்டினார். ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன. சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. வேலை அவ்வளவு இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இன்னொரு இன்ஜினியர் வந்தார். இவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற ஆள். அரம் ராவின கோடுகளைப் பார்த்துவிட்டார். காசிமாயன் வண்டியின் கிண்ணத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். இது கோளாறு இல்லை, ஒர்க்‌ஷாப் ஆள் செய்த சதி என்று சொல்லி, கம்பெனி பழைய வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவையெல்லாம் இன்று காலையிலும் உசிலம்பட்டி ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும். கிண்ணம் தேய்ந்துகொண்டிருக்கும். என்னை நீங்கள் பிடிக்காமல் விட்டிருந்தால் அத்தனையையும் மாற்றி முடித்திருப்பேன். இனிமேல் அவற்றில் சாகிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு வண்டியிலும் ராவியது நான்தான். யாரும் எனக்கு உதவவில்லை. யாரும் தூண்டவில்லை. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஆனால் பெண்சாதியைக் கொன்றவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் காலையில் நான் வாசலில்தான் நின்றேன். வேன் வந்தது. ஜோசபின் படியில் ஒரு காலை வைத்தவள், அப்படியே நின்று திரும்பிப் பார்த்தாள். உள்ளே மற்ற டீச்சர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டாள்.

"இந்த வண்டில போகலாமாங்க?"

"தாராளமாப் போ," என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாளாகியிருந்தது. "நீங்க சொன்னாச் சரிதான்," என்று சொல்லிவிட்டு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படி சார் சம்மதம் சொல்ல முடியும்?